முன்வரிசையில் ஓர் இடம்

ஒன்றாம் வகுப்பில் சேர்த்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. என் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவது பற்றிப் பேச வேண்டும், வியாழக்கிழமை வரவும் என்று தலைமையாசிரியர் சீட்டு எழுதி அனுப்பினார். பிள்ளை மந்தம், கூப்பிட்டால் திரும்புவதில்லை, மற்றவர்களுக்கு இடைஞ்சல். எழுபதுகளில் மரக்காணத்தில் ஒரு வாத்தியார் மந்தம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. என் வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, நாம் வேலை செய்யும் உப்பளத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அவள் மந்தம் இல்லை. அவளுக்குக் காது கேட்கவில்லை. சீட்டைப் படித்த அன்று அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பித்தளைத் தவலையைக் கீழே போட்டுப் பார்த்தேன். அடுத்த வீட்டுக்காரி ஓடி வந்தாள். என் மகள் திரும்பவே இல்லை.

வியாழனுக்கு ஆறு நாள் இருந்தது. ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்துத் திண்டிவனம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றேன். டாக்டர் அவளுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து இங்கிலீஷில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, நான் படித்த அஞ்சாம் வகுப்பை வைத்துக்கொண்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினேன். பேர் எழுதுவாள். புளியங்கொட்டையை முப்பது வரை எண்ணி வைப்பாள். என் வாயைப் பார்த்துப் பாதி பேச்சைப் புரிந்துகொள்வாள். கடைசியில் நான் கேட்க வேண்டியதை எழுதினேன்: முன்வரிசையில் உட்கார வைக்கணும், டீச்சர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசணும். அவ்வளவுதான். கோழிக்குத் தீனி போடும்போதுகூட அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை என்னையும் மகளையும் ஒரு மணி நேரம் வாசலில் நிற்க வைத்துவிட்டுத் தலைமையாசிரியர் கூப்பிட்டார். காலண்டர் தாளைத் தொடவே இல்லை. டாக்டர் சீட்டை மட்டும் வாங்கிப் படித்தார்.

"காது சரியா கேக்கலன்னுதான் எழுதியிருக்குது. புத்தி இருக்குதுன்னு எழுதலையே."

ஆறு நாளும் நான் யோசித்து வைத்த எந்தப் பதிலும் இதற்குப் பொருந்தவில்லை. அதற்குள் அவரே அடுத்ததையும் கேட்டார்.

"சரிம்மா, காதுதான்னே வச்சுக்குவோம். பெத்தவ உனக்கு ஆறு வருஷமா தெரியலையா?"

"அளத்துல எல்லாரும் கையாலதான் சார் பேசிக்குவோம். அவளும் பேசுனா. தெரியல."

அதுதான் உண்மை. இந்தப் பாத்திக்கும் அந்தப் பாத்திக்கும் நடுவில் கடல் காற்று அடிக்கும்போது கத்தினால் பக்கத்து வரப்புக்குக்கூடக் கேட்காது. மடையை அடை, தண்ணிக் குடத்தை எடுத்து வா, சாப்பிடப் போகலாம், எல்லாம் கைதான். ஓலை நிழலில் தூளி கட்டி வளர்த்த பிள்ளை. நாங்கள் கையைத் தூக்குவதற்குள் அவள் ஓடுவாள். கெட்டிக்காரி என்று அளமே மெச்சியது. வாய்ப்பேச்சு வர நாளாகும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். இதையெல்லாம் சொன்னால் அவர் கதை விடுகிறேன் என்று நினைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மகளை மைதானத்தின் கோடியில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னேன். அறை வாசலில் நின்று, ஏழு கல் பொறுக்கி வா என்று கையால் காட்டினேன். அவள் கல் பொறுக்கி வந்து அவர் மேஜையில் வைத்தாள். அவர் எண்ணிப் பார்த்தார். ஏழுதான்.

"அதுக்காக கிளாஸ்ல கையை ஆட்டிக்கிட்டு நிக்க முடியுமா?" என்றார். மந்தம் என்ற வார்த்தையை மட்டும் அப்புறம் சொல்லவில்லை. அரைப் பரீட்சை வரைக்கும் முன்னால் உட்காரட்டும், தேறவில்லை என்றால் சத்தமில்லாமல் கூட்டிக்கொண்டு போய்விடணும் என்று, பெரிய மனசு பண்ணுகிற மாதிரி சொன்னார்.

டீச்சர் முகத்தைப் பார்த்துப் பேசுவது பற்றி நான் கேட்கவே இல்லை. கேட்டால் கொடுத்ததையும் பிடுங்கிக்கொள்வாரோ என்று பயம். எல்லாப் பிள்ளையும் கேட்காமலே போய் உட்காருகிற தரை அது. அந்த ஒரு முழம் இடத்துக்காக அவரை இரண்டு கையாலும் கும்பிட்டேன். என்ன செய்கிறேன் என்று பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற என் மகளும் கும்பிட்டாள்.