கடற்கரையில் நாலு நாள் கேம்ப்பும் துலுக்காத கிடாவும்

பினாங்கில் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் சரக்குக் கிட்டங்கி ஆபீஸ் மூடியதும் என் எதிர்மேசைச் சீனக் குமாஸ்தா ஆ சோங், பெண்டாட்டி, பிள்ளைகள், மாமியார், நாய், கூண்டோடு ஒரு மைனா என்று அத்தனையையும் மச்சானுடைய லாரியில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவான். ஞாயிறு சாயங்காலம் மூக்கெல்லாம் தோல் உரிந்து திரும்புவான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் என்ன விசேஷம் என்று கேட்டேன். "சனிக்கிழமை" என்றான். சரிதான், நம்முடைய புரட்டாசிச் சனி மாதிரி இவர்களுக்கும் ஒரு சாமி இருக்கும்போல என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வாரம் என்னையும் லாரியில் ஏற்றினான். போய்ப் பார்த்தால் சாமியும் இல்லை, சடங்கும் இல்லை. பந்தாய் என்று அவர்கள் சொல்கிற மணல்கரையில் டெண்ட் அடித்தார்கள், மீனைச் சுட்டுத் தின்றார்கள், நாயோடு சேர்ந்து தண்ணீரில் விழுந்தார்கள், படுத்துத் தூங்கினார்கள். அவ்வளவுதான். ஒரு குடும்பம் ஒரு காரணமும் இல்லாமல் வீட்டை விட்டு வெளியே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. தெரிந்ததும் பைத்தியம் பிடித்துவிட்டது.

காரணம், நம் ஊர். நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுப் பிள்ளை. விடியக்காலை வண்டி கட்டினால் பொழுது சாய்வதற்குள் கடலைப் பார்த்துவிடலாம். ஆனால் என் ஆத்தா தன் ஆயுசில் கடலைப் பார்த்தது மூன்றே தடவை, மூன்றும் செத்தவர்களுக்காக. அய்யாவும் அப்படித்தான்: சேதுக்கரையில் ஒரு முழுக்கு, ராமேஸ்வரத்தில் ஒரு முழுக்கு, தலை காய்வதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். என் தங்கச்சி பஞ்சவர்ணம் கடலையே பார்த்ததில்லை, ஏனென்றால் அவள் வயசுக்கு இன்னும் யாரும் சாகவில்லை. நாலு வருஷத்துக்குப் பிறகு லீவு கிடைத்தபோது நான் முதலில் செய்த காரியம், ராணுவத்தார் கழித்துப்போட்ட ஒரு கேன்வாஸ் டெண்டைப் பினாங்குச் சந்தையில் வாங்கியதுதான். எல்லோரும் சேலையும் சென்ட்டும் வாங்கிப் போகிறார்கள், நான் கூடாரம் வாங்கிப் போனேன். நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கியதும் சுங்கத்து ஆள் அதைக் குச்சியால் குத்திக் குத்திப் பார்த்து, சர்க்கஸா என்று கேட்டார்.

வீட்டில் ஒரு பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். உப்புக்காற்றின் நன்மை, குடும்பத்தோடு ஓய்வு கொள்ளும் நாகரிகம் என்று பிரசங்கமே எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். பாதியில் ஆத்தா குறுக்கிட்டு, கீழக்கரைக்கு மேற்கே கரைமேல் கருப்பர் பனங்காட்டுப் பக்கமாகப் போகலாம், அங்கேதான் ஊற்றுத் தண்ணீர் நல்லது என்றாள். திங்கட்கிழமை ராத்திரியே வண்டி கட்டினால் செவ்வாயிலிருந்து வெள்ளிக்கிழமை வரை இருக்கலாம் என்று அவளே நாளும் குறித்தாள். என் பேச்சுத்திறமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. யாரும் இல்லாத வீட்டில் எப்படி விட்டுவிட்டுப் போவது என்று நாய் ஜிம்மியையும் வண்டியில் ஏற்றினோம். தங்கச்சி பஞ்சு வளர்த்த செம்மறிக் கிடா சுருளியையும் பின்னால் கட்டினோம். கொம்பு இரண்டும் காதைச் சுற்றி வளைந்திருக்கும், அவள் எங்கே போனாலும் முந்தானையைக் கடித்துக்கொண்டே பின்னால் போகும். ஆ சோங்குக்கு மைனா, எங்களுக்குக் கிடா என்று நான் மகிழ்ந்துபோனேன். கிடாவைக் கட்டும்போது ஆத்தா அதன் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன். பாசம் என்று நினைத்தேன்.

இனி என் கேம்ப்பைக் கேளுங்கள். டெண்ட் அடிக்கவே ஒரு பகல் போயிற்று. மணலில் முளை நிற்கவில்லை, பனைமரத்தில் இழுத்துக் கட்டினேன். கட்டி முடித்ததும் ஆத்தா அதற்குள் அரிசி மூட்டை, பானை, எண்ணெய்ச் சட்டி எல்லாவற்றையும் வைத்துவிட்டாள். பொருளுக்கு நிழல் வேண்டுமாம். அய்யா வண்டிக்கடியில் படுத்தார், மற்றவர்கள் பனையடியில். நாலு நாளும் டெண்டுக்குள் தூங்கியது ஜிம்மியும் சுருளியும் மட்டும்தான். சோறு முழுக்க மணல். போதாததற்குப் போகிற வருகிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரித்தார்கள். வலை இழுக்க வந்தவர்கள் வீடு தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டார்கள். கீழக்கரையிலிருந்து தோப்பு பார்க்க வந்த ஒரு மரைக்காயர் குடையை மடக்கி வைத்துவிட்டு, மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"வீட்டுல மவுத்து எதுவும் ஆச்சா தம்பி? அமாவாசைக்கு இன்னும் நாள் கெடக்கே."

இல்லை, சும்மா வந்தோம் என்றேன்.

"சும்மாவா? பொம்பளைகளைக் கூட்டிக்கிட்டா?" என்றவர் அய்யா பக்கம் திரும்பி, பையன் சபுராளியா என்று கேட்டார். கடல்தாண்டிப் போய் வந்தவனை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அய்யா ஆமாம் என்றதும், அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரே ஒருத்திதான் என் கட்சி. பஞ்சு முதல் நாளே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிடாவையும் இழுத்துக்கொண்டு அலைக்குள் போனாள். மற்ற நேரங்களில் கரையில் உட்கார்ந்து, சிரட்டையால் மொண்டு மொண்டு அதன் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு சொட்டுக்கும் அது உடம்பையே உதறியது. வியாழக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு சும்மா நின்றது. ஒரு ஆளாவது கேம்ப்பை அனுபவிக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

வியாழன் சாயங்காலம் வண்டிகள் வந்தன. முதலில் சின்னையா வண்டி, பிறகு அத்தை வீட்டு வண்டி, பிறகு எனக்கு முகமே மறந்துபோன பங்காளிகள். அண்டா இறங்கியது, மசால் அரைக்க அம்மி இறங்கியது. சின்னையா அரிவாளைத் தீட்ட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் கப்பல் ஏறிய அன்றைக்கே, பிள்ளை நல்லபடியாகத் திரும்பி வந்து சேர்ந்தால் கிடா வெட்டுகிறேன் என்று ஆத்தா கருப்பருக்கு நேர்ந்திருக்கிறாள். அந்தக் கிடா சுருளி. அது வளர்ந்ததெல்லாம் என் பேரில். என்னைத் தவிர ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்.

ஆத்தாவிடம் போய்க் கத்தினேன். என் கேம்ப்பை ஏன் கெடுத்தாய், எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவே இல்லை.

"சொன்னா நீ இங்கிலீசுல பேசுவே. ஏய்யா, ஒண்ணுமே இல்லாம நாலு நாளு கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க நமக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

இந்த ஒரு கேள்விதான் இன்றுவரை எனக்கு எரிச்சல். ஆ சோங்கின் மாமியாரை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலை சுருளிக்கு மாலை போட்டு, பனங்காட்டுக்குள் இருந்த கருப்பர் பீடத்தின் முன்னால் நிறுத்தினார்கள். கயிறு பஞ்சு கையில். நம் பக்கத்து வழக்கம் பினாங்கில் பிறந்தவர்களுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன்: வெட்டுவதற்கு முன்னால் கிடாவின் தலையில் மஞ்சள்தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் துலுக்கிவிட்டது, சாமி சம்மதம் சொல்லிவிட்டது என்று அர்த்தம். துலுக்காத கிடாவை எவனும் தொடமாட்டான். பூசாரி தெளித்தார். சுருளி சும்மா நின்றது. செம்பைச் சாய்த்து ஊற்றினார். மூக்கிலிருந்து சொட்டியது, அது நாக்கை நீட்டி நக்கிக்கொண்டது. ஒரு குடமே ஊற்றினார்கள். கண்ணை மூடிக்கொண்டது. குலவை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

எனக்கு எப்போதும் அவசரம். இதில் சாமி எங்கே வந்தது, இதற்குத் தண்ணீர் பழகிப்போயிற்று, மூன்று நாளாக என்று ஆரம்பித்தேன். என் கால் பெருவிரல் மேல் பஞ்சு ஏறி நின்றாள். நல்லவேளையாகச் சின்னையாவும் அதட்டினார்: "ஏலே, சும்மா கெட. கிடாக்கு இருக்கிற அடக்கம் உனக்கு இல்ல."

பூசாரி ஆத்தாவைப் பார்த்து, என்ன சொல்லி நேர்ந்தாய் என்று கேட்டார். புள்ள திரும்பி வந்து சேரணும்னு, என்றாள் ஆத்தா.

"வந்து சேந்துட்டானா?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் பெட்டிக்குள் பினாங்குக்குத் திரும்பிப் போகிற பெர்மிட் இருந்தது, அது எல்லோருக்கும் தெரியும். ஆத்தா என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்தாள். நான்கு வருஷத்தில் அவள் கை இவ்வளவு சொரசொரப்பாக ஆகியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"இங்கனயே இருந்துர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு அப்பு. இப்பவே துலுக்கும் பாரு."

அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. அவளுக்கு அப்பால் பஞ்சு கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருக்கிறேன் என்று சொன்னால் பத்தாவது குடத்தையாவது ஊற்றிக் கிடாவை உதறவைத்துவிடுவார்கள், எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் ஆத்தா அத்தனை சனத்துக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்பாள். ஆபீஸில் மூன்று பாஷையில் தந்தி எழுதுகிறவன் நான். அன்றைக்கு என் வாயில் ஒரு பாஷையும் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுப் பூசாரி அரிவாளைத் துணியில் சுற்றினார். மசாலையெல்லாம் கருவாட்டுக் குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். இதற்கா இம்புட்டுத் தூரம் மாட்டை ஓட்டி வந்தோம் என்று பங்காளிகள் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். ஆத்தா எனக்குத்தான் முதலில் இலை போட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

லீவு முடிந்து நான் கிளம்பும்போது பஸ் நிற்கிற இடம் வரைக்கும் பஞ்சு வந்தாள். டெண்ட் வைக்கோல் படப்புக்கு நல்ல மூடியாக இருக்கிறது என்று அய்யா வைத்துக்கொண்டதைச் சொல்லிச் சிரித்தாள். பஸ் வந்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"கடலுக்குள்ள அத எதுக்கு இழுத்துக்கிட்டுப் போனேன்னு நெனச்சே? வெளையாட்டுக்கா? வீட்டுலயும் தெனம் ஒரு குடம் ஊத்துறேன். இனி அது துலுக்காதுண்ணே. நீ நிம்மதியாப் போ."

நிம்மதியாகத்தான் வந்தேன், கப்பலில் பாதி வழி வரைக்கும். நடுக்கடலில்தான் கணக்கு உறைத்தது. என் தங்கச்சி அதன் உயிரைக் காப்பாற்றுகிறாள். ஆத்தா கணக்கிலோ அது உதறாத வரைக்கும் நான் ஊர் திரும்பாதவன். இரண்டு பேரிடமும் போய் எதையும் விளக்க முடியாது. பஞ்சு எதற்காகத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று சொன்னால் கிடா போய்விடும். சொல்லாவிட்டால் ஆத்தா தன் சாமியே பிள்ளையை ஏற்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாள். ஆ சோங்கிடம் ஒருமுறை முழுக்கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்புறம் கிடாவை எப்போது சாப்பிட்டீர்கள் என்றான்.

போன வாரம் ஊரிலிருந்து வந்த ஒருவர் வீட்டுச் சேதி சொன்னார். சுருளி நன்றாகக் கொழுத்திருக்கிறதாம். பஞ்சுவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். தினமும் விடிந்ததும் அவள் தொழுவத்தில் நின்று அதன் தலையில் குடத்தைச் சாய்க்கிறாளாம். அதற்குள் ஆத்தாவும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுகிறாளாம். சொட்டுகிற தண்ணீர் நிற்கிற வரைக்கும், இன்றைக்காவது உடம்பை உதறாதா என்று அந்தக் கிடாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாளாம்.