நெஞ்சில் குடியேறிய நண்டு

சிவப்பு விளக்கில் வேன் நின்றதும் திருச்செல்வத்தின் இடக்கை, சீட் பெல்ட்டுக்கும் சட்டைக்கும் நடுவில் நுழைகிறது. அங்கே நான்காக மடித்த கைத்துண்டு ஒன்று இருக்கிறது. அதைச் சற்று மேலே இழுத்து, பெல்ட் மார்பின் நடுவில் உராயாதபடி அமர்த்திக்கொள்கிறார். பச்சை விழுந்ததும் கை ஸ்டீயரிங்குக்குத் திரும்பிவிடும்.

கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டும் அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அந்தத் துண்டுக்கு அடியில் இருப்பது ஒரு தழும்பு. பளபளவென்று மேடிட்டு, ஓரங்களில் கால்கள் முளைத்ததுபோல் கிளைத்திருக்கும். ஒருநாள் சட்டைப் பொத்தான் கழன்றபோது முன்னிருக்கைச் சிறுமி பார்த்துவிட்டாள்.

"அங்கிள், உங்க நெஞ்சுல நண்டு!"

"ஆமாலா, பூலாவ் கெத்தாம் நண்டுத் தீவுக்குப் போனப்ப ஒட்டிக்கிச்சு. கத்தாத, முழிச்சுக்கும்."

அன்றுமுதல் வேனுக்குள் இரைச்சல் மிகுந்தால் பிள்ளைகளே ஒருவரையொருவர் அடக்குகிறார்கள்: "ஷ்ஷ், நண்டு தூங்குது!"

இருபது வயதில் வந்த கட்டி ஆறிய இடம் அது. முதலில் தழும்பு மிளகளவுதான். ஒரு கிளினிக்கில் வெட்டி எடுத்தார்கள். ஆண்டு திரும்புவதற்குள், பழைய காயத்தின் எல்லையையும் தாண்டிப் படர்ந்து மீண்டும் வளர்ந்தது. "வாடகைக்கு இருந்தவன தொரத்திவிட்டா, குடும்பத்தோட வந்து குந்திக்கிட்டான்" என்பார். இப்போது மாதம் ஒருமுறை தோல் மருத்துவரிடம் போகிறார். தழும்புக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். வீட்டில் சிலிக்கோன் பட்டை ஒட்டிக்கொள்கிறார். மேடு தணிந்திருக்கிறது, அரிப்பும் பெரும்பாலும் நின்றுவிட்டது. முழுதாக மறையாது என்று டாக்டர் நிரஞ்சனி முதல் நாளே சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் வேடிக்கை பேசும் திருச்செல்வம், அந்த ஊசியின்போது மட்டும் கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்வார்.

அந்த முதல் நாளில்தான் நிரஞ்சனி கேட்டார்: "அண்ணே, குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவருக்கு அம்மாவின் காது நினைவுக்கு வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவர்கள் குடியிருந்த காலம். அம்மாவின் வலக் காதுமடலில், தோட்டுக்குக் குத்திய துளையின்மேல், நாவற்பழம்போல் ஓர் உருண்டை தொங்கும். 'தங்கம் ஒத்துக்கல' என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் தீர்ப்பளித்திருந்தார்கள். சிறுவன் திருச்செல்வத்துக்கு அதைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். சரக்கு ரயில் கடக்கையில் சன்னல் கம்பிகள் அதிரும். விரல்களுக்கிடையில் அந்த உருண்டை வெதுவெதுப்பாக இருக்கும். வெளியே புறப்பட்டால் அம்மா கூந்தலைத் தளர்த்திக் காதை மூடிவிடுவார். டாக்டரிடம் காட்டலாமென்று ஆல்பத்தைப் புரட்டியபோதுதான் திருச்செல்வம் கவனித்தார்: அம்மா இருக்கும் எந்தப் படத்திலும் அந்தக் காது இல்லை.

போன மாதம், சுபாங் ஜெயாவில் இருக்கும் தங்கை ஜெயமாலா தன் மூன்று வயது மகள் தாரிணிக்குக் காது குத்த நாள் பார்த்தாள். குத்துவதற்குத் தாய்மாமன் மடி வேண்டும். இவர் ஒரே அண்ணன். நேரே டாக்டரிடம் போய் நின்றார்.

"சின்ன வயசுல குத்துனா இந்த மாதிரித் தழும்பு வர்ற வாய்ப்பு குறைவுதான், அண்ணே. ஆனா உங்க குடும்பத்துல வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாது."

ஜெயமாலாவுக்குத் தொலைபேசியில் அதைச் சொன்னார். அவள் பொறுமையிழந்தாள். "எனக்கும்தான் குத்துனாங்க, ஒண்ணும் வரலையே? பொம்பளப் பிள்ளைய மொட்டைக் காதோட ஸ்கூலுக்கு அனுப்பச் சொல்றியா? நீ மட்டும் வராம இருந்து பாரு, அப்புறம் உன்கூட பேசவே மாட்டேன்."

"வரேன்லா" என்றார். தங்கையை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

சொன்னபடியே போனார். பட்டு வேட்டியும் சட்டையுமாகக் கோயில் மண்டபத்துப் பாயில் அமர்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். ஆசாரி இரு காதுமடல்களிலும் சந்தனப் புள்ளி வைத்தார். ஜெயமாலா கைபேசியை உயர்த்திப் பிடித்தாள்.

"மாமா, பிள்ளைய நல்லா கெட்டியா பிடிங்க" என்று ஆசாரி ஊசியை எடுத்தார்.

திருச்செல்வம் பிடித்தார். தம் இரு உள்ளங்கைகளாலும் குழந்தையின் காதுகள் இரண்டையும் பொத்திப் பிடித்தார்.

"அண்ணே, என்ன இது? கைய எடு! எல்லாரும் பாக்கிறாங்க."

அவர் எடுக்கவில்லை. தங்கையின் முகத்தையும் பார்க்கவில்லை. இது ஏதோ புது விளையாட்டென்று எண்ணிய தாரிணி மடியிலேயே திரும்பி, சிரித்துக்கொண்டே, தன் பிஞ்சுக் கைகளை உயர்த்தி மாமாவின் காதுகளைப் பொத்தினாள்.