கல்யாண வீடுகளில் அண்ணன் போட்ட இங்கிலீஷ் பாட்டு

எங்கள் அண்ணன் பிறந்தது வடகரையில், குத்தகை வயலை நம்பிப் பிழைத்த வீட்டில். அப்பா காலமானதும் பள்ளிப்படிப்பை நிறுத்திவிட்டுத் தென்காசியில் ஒரு ரேடியோ செட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாண வீட்டுத் தென்னை மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார், நாள் முழுக்க ஊசி மாற்றி மாற்றி ரெக்கார்டு போடுவார், பந்தி முடிந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்து வண்டியில் ஏற்றுவார். அந்த வருமானத்தில்தான் அம்மாவும் தங்கையான நானும் சாப்பிட்டோம். தனக்கென்று ஒரு கல்யாணம் அவர் செய்துகொள்ளவில்லை.

இன்று அண்ணனின் முதல் வருஷத் திவசம்; வந்திருக்கும் உங்களுக்காக அவரை உத்தமர், தியாகி என்றெல்லாம் எழுதும்படி பெரியப்பா சொல்லியிருக்கிறார். பொய்யில்லை, எழுதலாம். ஆனால் ஒரு வருஷமாகத் துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அண்ணன் ஒரு பாட்டுப் பைத்தியம். அதை எழுதுகிறேன்.

கோயில் கொடைத் திருவிழா என்றால் ராயகிரி வரைக்கும் சைக்கிளில் போய் வில்லுப்பாட்டுக் கேட்பார். நடவுப் பாட்டுக் காதில் விழுந்தால் வரப்பில் நின்றுவிடுவார். சினிமாப் பாட்டுகளில் பாதியை அவருக்குப் பிடிக்காது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பாடுதவன் தொண்டையில கொஞ்சம் அலுப்பு இருக்கணும்ட்டி. அப்பத்தான் அது பாட்டு" என்றார்.

அப்படி அவருக்குப் பிடித்துப்போனதுதான் அந்த இங்கிலீஷ் ரெக்கார்டு. குற்றாலத்தில் சாரல் நேரத்தில் பங்களாவில் தங்கியிருந்த ஒரு குடும்பத்துக்குக் கிராமபோன் பெட்டியைப் பழுதுபார்த்துக் கொடுத்தார். அவர்கள் சந்தோஷப்பட்டுக் கொடுத்தது அது. ஒரே ஒரு ஆள், ஒரு கித்தார், நிதானமான குரல். எங்கள் வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. தாலி கட்டி முடிந்து, பந்தி நடக்கும்போது அதைப் போடுவது அண்ணனுக்கு வழக்கமாகிவிட்டது. பெண் வீட்டாருக்கும் பெருமைதான். இங்கிலீஷ் பாட்டுப் போட்ட கல்யாணம் என்று ஊரில் பேச்சு வரும் அல்லவா.

பண்பொழியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாமா, மலைக்கு அந்தப்பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து இங்கிலீஷ் பழகியவர், அண்ணனைத் தனியே கூப்பிட்டார். இது செத்துப்போன மகனை நினைத்துத் தாய் அழுகிற பாட்டு என்று மெதுவாகச் சொன்னார். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அதன் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவர் அதைப் போடவில்லை. வீட்டில் தனியாகக் கேட்பார். கேட்டவர்கள் மனசு சங்கடப்படும், வெளியே சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இன்று மீறுகிறேன். அந்தப் பாட்டோடு கல்யாணமான நீங்களெல்லாம் பிள்ளை குட்டிகளோடு நன்றாகத்தான் இருக்கிறீர்கள்.

கடைசி மாதங்களில் மூச்சுவிடவே சிரமப்பட்டார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடந்து நானும் ஓய்ந்துபோனேன். அவர் போன பிறகு, துக்க வீட்டில் வருஷம் திரும்பும் வரை பாட்டுச் சத்தம் கூடாது என்பதால் கிராமபோன் பெட்டியை மூடி வைத்தோம். பாட்டுக்காகவே இருந்தவர் வீட்டில் ஒரு வருஷம் பாட்டில்லை. முறைதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் அம்மா கூப்பிட்டார். "திவசம் முடிஞ்சதும் பெட்டியத் தொறட்டி. அந்த இங்கிலீஷ் பாட்டப் போடு."

வேறு பாட்டுப் போடலாமே, அது நல்ல பாட்டில்லை என்றேன்.

"தெரியும்ட்டி. அவன் எங்கிட்டயும் சொல்லிருக்கான். இத்தன நாளா ஊருக்குப் பாடுச்சு. இனிமே எனக்குப் பாடட்டும்."

ஆஸ்பத்திரிக்குக் கார் கொடுத்த ரேடியோ கடை முதலாளிக்கும், கஞ்சி கொடுத்துவிட்ட பக்கத்து வீட்டு மதினிக்கும், காரியம் முடியும் வரை தன் வீட்டு ரேடியோவையும் நிறுத்தி வைத்த எதிர்வீட்டு அண்ணாச்சிக்கும் எங்கள் நன்றி. என்ன செய்தும் தீராது.

இன்று சாப்பாடு முடிந்ததும் அந்தப் பாட்டுக் கேட்கும். திவச வீட்டில் இது என்ன பாட்டு என்று பெரியவர்கள் கோபப்பட வேண்டாம். சின்னப் பாட்டுதான். அம்மா கேட்டு முடிக்கும் வரை கொஞ்சம் உட்கார்ந்திருங்கள்.