மூன்று மாத மௌனம்

எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் என் கணவரின் குரலுக்கு ஈடு கிடையாது. லத்தீன் பூசைப் பாட்டை அவர் எடுத்தால், வாசலில் நிற்பவர்கள்கூடப் பேச்சை நிறுத்துவார்கள். அது அவருக்கும் தெரியும். வினையே அதுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போய் ஒரு வருஷம் தாண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் ஒத்திகையில், குழுவில் புதிதாகச் சேர்ந்த ஆலைத் தொழிலாளி ஒருவர் ஒரு லத்தீன் வார்த்தையைத் தப்பாகப் பாடிவிட்டார். என் கணவர் எல்லார் முன்னாலும், "நீ வாயை மூடிக்கிட்டு நின்னாலே சாமிக்குப் பெரிய காணிக்கைய்யா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த மனிதர் மறுநாளிலிருந்து வரவில்லை.

புத்தாண்டுப் பூசையில் இவர் குரல் பாதிப் பாட்டில் உடைந்தது. வெறும் காற்றுதான் வந்தது. தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்த டாக்டர், "உள்ள புண்ணாயிருக்கு முசியே. மூணு மாசம் ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றார். பிரெஞ்சுக்காரர்கள் போனாலும், ஐயா என்பதற்கு 'முசியே' என்று சொல்லும் வழக்கம் ஊரில் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் கொதித்தேன். "இத்தனை வருஷமா அந்தக் கடவுளைத்தானே பாடினீங்க? அவரே இப்படிப் பண்ணலாமா?"

பிள்ளையின் சிலேட்டை எடுத்து எழுதினார்: "நம்ம மவன் எரியற அடுப்புகிட்ட போனா என்ன பண்ணுவ?"

"முதுகுல ஒண்ணு வைப்பேன்."

அழித்துவிட்டு எழுதினார்: "அடுத்த வீட்டுப் புள்ள போனா?"

"அவங்க அம்மாவைக் கூப்பிடுவேன்."

என்னைப் பார்த்துச் சிரித்தார். தன்னைச் சொந்தப் பிள்ளையாக நினைத்ததால்தான் கடவுள் அடித்தார் என்று அவர் நம்பினார். எனக்கு அன்று அது முழுதாக ஒப்பவில்லை.

அடுத்த ஞாயிறு என்னையும் அழைத்துக்கொண்டு, உப்பளம் என்ற பகுதியில் இருந்த அந்தத் தொழிலாளியின் வீட்டுக்குப் போய் ஒரு காகிதத்தை நீட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றார். ஓர் எழுத்தும் அறியாமல், காதால் கேட்டே அத்தனை லத்தீனையும் அவர் மனப்பாடம் செய்திருக்கிறார்! என் கணவர் தலை குனிந்தார். காகிதத்தை என்னிடம் கொடுத்து, படி என்று சைகை காட்டினார்.

அக்கம்பக்கத்தார் பார்த்து நிற்க, நான் உரக்கப் படித்தேன்: "உங்களை எல்லார் முன்பும் அவமானப்படுத்தினேன். இந்தக் குரல் என்னுடையது என்று நினைத்துவிட்டேன். மன்னித்துத் திரும்ப வாருங்கள்."

"ஐயோ முசியே, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று அவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க குரல் சரியாவட்டும், வரேன்."

இவர் மறுத்துத் தலையாட்டினார். அவர் கையை விடாமல் அப்போதே கோயிலுக்கு அழைத்துப் போனார்.

தவக்காலம் முழுவதும் என் கணவர் அவர் பக்கத்தில் நின்று, விரலால் தாளமும் உதட்டசைவால் உச்சரிப்பும் காட்டினார். ஈஸ்டர் காலைப் பூசையில் அந்தத் தொழிலாளியின் கனத்த குரல் தனியாக எழுந்தது. பக்கத்தில் சத்தமில்லாமல் நின்ற என் கணவரின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. இவரே பாடிய நாட்களில்கூட அதை நான் பார்த்ததே இல்லை.

பிறகு இவர் குரல் திரும்பியது, கரகரப்பு மட்டும் போகவில்லை. தனிப்பாட்டை அந்தத் தொழிலாளிக்கே விட்டுவிட்டுப் பின்வரிசையில் நின்றார். யாராவது பரிதாபப்பட்டால், "குடுத்தவரு கொஞ்சம் திருத்திக் குடுத்திருக்காரு" என்பார். அதைச் சொல்லும்போது அவரிடம் துளி வருத்தம் இருக்காது.