மகாலிங்கம் சார் கொண்டுவந்த கடைசிக் கல்

சாருடைய நம்பரிலிருந்து போன் வந்தபோது நான் குடோனில் கல் இடிக்கும் கல்வத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். எடுத்ததும் வழக்கம்போல ஆரம்பித்தேன்: "என்ன சார், ஸ்ரீவில்லிபுத்தூர்லயே வீடு பார்த்துட்டீயளா? இங்க ஒருத்தி கல்லுக்காகக் காத்துக் கெடக்கேன்."

மறுமுனையில் யாரோ இருமினார். "அம்மா, நான் பஸ் கண்டக்டர் பேசுதேன். சார் கடைசியா பேசுன நம்பர் இது. வண்டி வத்திராயிருப்பு வந்துட்டு. எல்லாரும் எறங்கியாச்சு. சார் தூங்குதாருன்னு நெனச்சுத் தட்டினேன்..."

சார் எழுந்திருக்கவே இல்லை. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து என்னிடம் பேசியவர். "கடைசிக் கல்லும் கெடைச்சுட்டு, பொன்னுத்தாயி. வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு நாளைக்கு வாரேன்" என்றவர். மகாராஜபுரத்தில் அவர் மனைவி கோமதி அக்காவுக்கு நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் நினைவில்லை.

சாரைத் தெரிந்தவர்களுக்கு அவர் கல்லூரியில் நிலவியல் நடத்தியவர். எனக்கு அவர் முதலாளி. ஓய்வு பெற்றதும் ராஜபாளையத்தில் ஒரு பழைய பஞ்சு குடோனை வாடகைக்குப் பிடித்து, கல்லைப் பொடியாக்கும் மிஷினை வாங்கிப் போட்டார். மில் வேலையிலிருந்து நின்றிருந்த நான் வேலை கேட்டுப் போனேன். அஞ்சாங்கிளாஸ்கூட முடிக்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "கல்லு அதைவிடக் கம்மியாத்தான் படிச்சிருக்கு. வாம்மா" என்றார்.

அவர் தேடியது எரிமலையை. நம் பக்கத்தில் ஏது எரிமலை என்று நானும் கேட்டேன். மனுசரே பிறக்காத காலத்தில் வடக்கே எரிமலைகள் வெடித்தனவாம். புகையோடு பாதரசமும் ஆவியாகக் கிளம்பி, காற்றில் அலைந்து, கடலில் இறங்கி, அடியில் சேற்றோடு படிந்ததாம். அப்போது அரியலூர்ப் பக்கம் கடல். அந்தச் சேறுதான் இப்போது அடுக்கு அடுக்கான கல். எந்த அடுக்கில் பாதரசம் கூடுதலோ அந்த அடுக்கு படிந்த காலத்தில் எரிமலை வெடித்திருக்கலாம்.

"ஏன் சார், சிவகாசியில வெடி போட்டா ராஜபாளையத்துல என் சேலை அழுக்காகுமா?" என்றேன்.

"ஆகும். அம்புட்டு வெடி போட்டா ஆகும்" என்றார் சிரிக்காமல்.

நான் அரைத்த பொடி வெளியூர் ஆய்வகத்துக்குப் போகும். ஒருமுறை நாலு கல்லில் பாதரசம் எகிறியிருப்பதாகப் பதில் வந்தது. அன்றைக்குச் சாரைப் பார்த்திருக்க வேண்டும்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெரு முழுக்கப் பால்கோவா கொடுத்தார். உட்கார்ந்து கட்டுரை எழுதி அனுப்பியும்விட்டார். ஒரு வாரம் கழித்து நோட்டைப் புரட்டியவர் முகம் மாறியது. "நாலும் பக்கத்துப் பக்கத்து அடுக்கு இல்லையே. ஆனா நாலையும் ஒரே நாள்ல அரைச்சிருக்கோம். அன்னைக்கு மிஷின்ல என்ன செஞ்சே?"

"கல்லுதான் சார் அரைச்சேன். மொளகாயா அரைச்சேன்?" என்று சமாளித்துவிட்டேன்.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. மறுநாள் குங்கும டப்பாவைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அந்த நாலு கல்லையும் அரைத்ததற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. மில்லில் எந்த மிஷினையும் பொட்டில்லாமல் விட்டதில்லை. வைத்த பொட்டைத் துடைக்கவும் மாட்டோம், தானாக உதிர வேண்டும். அதே பழக்கத்தில் கல் அரைக்கும் மிஷினுக்கும் வைத்தேன். வாய்க்கு உள்ளே மூன்று பொட்டு, நல்லா அரைக்கட்டும் என்று. சார் அந்தக் குங்குமத்தையும் சோதனைக்கு அனுப்பினார். அதில் பாதரசம் கலந்திருந்தது. பளீரென்று சிவப்பாக இருக்கிறதே என்று நான் ஆசைப்பட்டு வாங்கியது.

என் கண் முன்னாலேயே, கட்டுரையைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினார். நான் அழுதேன். "நீ சொல்லலேன்னா உன் குங்குமத்தை எரிமலைன்னு ஊருக்குச் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "இனிமே உன் நெத்தியப் பார்த்தாலே எனக்கு பயமா இருக்கும்" என்று சிரித்தார். கிண்டலில் என்னை அவர் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.

அதன்பின் எனக்கு ஒரு நோட்டு கொடுத்தார். எதைத் தொட்டேன், எதைக் கழுவினேன், எல்லாம் அதில் எழுத வேண்டும். "மறந்துட்டேன்னு எழுதலாம். பொய் மட்டும் எழுதாதே." இதையும் அந்த நோட்டில்தான் எழுதுகிறேன்.

ஆனால் அந்த நாலு கல்லும் மீதமில்லாமல் பொடியாகியிருந்தன. அதே அடுக்குகளிலிருந்து மறுபடி எடுக்க, அந்த வயதில், மறுபடியும் அரியலூர்க் கல்குவாரிப் பள்ளத்தில் இறங்கினார். ஒவ்வொன்றாக மூன்று கொண்டுவந்தார். நாலாவதோடு வந்தபோதுதான் பஸ்ஸில் அப்படி உட்கார்ந்திருந்தார், பை மடியில். மாரடைப்பு என்றார்கள். என் பொட்டுதான் அவரை அந்தப் பஸ்ஸில் ஏற்றியது என்று என் மனசு சொல்கிறது. இல்லை என்று சொல்ல இப்போது அவர் இல்லை.

காரியம் முடிந்ததும் கோமதி அக்கா அந்தப் பையை என் கையில் கொடுத்தார். "கடைசியா அவிய மடியில இருந்தது. நீயே வச்சுக்கோ."

அதில் கல் இருந்த கவரைப் பிரிக்காமல் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். மூன்றாம் நாள் விளக்கேற்றிவிட்டு, என்னை அறியாமல் குங்குமத்தைத் தொட்டு விரலை அதன் பக்கம் கொண்டுபோனேன். விரல் பாதியில் நின்றது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"என்னால வச்சுக்க முடியலக்கா. இத அரைக்கணும்."

"அரைச்சிரு. அவிய அதுக்குத்தானே தூக்கிட்டு வந்தாவ" என்றார் அக்கா.

பொடி ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது; சாருடைய பழைய மாணவர் ஒருவர் அனுப்பிவைத்தார். எரிமலை உண்டோ இல்லையோ, வருகிற பதில் கல்லுடைய பதிலாக இருக்கும். என்னிடம் இருப்பது காலிப் பையும் இந்த நோட்டும். கல்லை அரைத்த அன்றைக்கு இதில் எழுதியது:

நாலாவது கல். மிஷினைக் கழுவினேன். கையை மூணு தடவை கழுவினேன். பொட்டு வைக்கவில்லை. அரைக்கும்போது அழுதேன். கல்லில் விழவில்லை.