நாலு மாத்திரை மட்டும்

மருந்துக்கடையில் மருந்து படித்தவனைவிடக் கத்திரிக்கோலுக்குத்தான் வேலை அதிகம். கவுன்டருக்கு உள்ளே நிற்கும் சக பாவப்பட்டவர்களே, கடையில் கத்த முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வெட்டு

எங்கள் கடை ஜெகதாப்பட்டினத்தில். மீன்பிடிக்கப் போன செல்வி அக்காவின் வீட்டுக்காரர் எல்லை தாண்டினார் என்று இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு, விடுதலையாகி வந்தபின் கடலுக்கும் போகவில்லை, பேசவும் இல்லை. டாக்டர் மனச்சோர்வுக்கு ஒரு மாத மாத்திரை எழுதியிருந்தார். அக்கா அட்டையிலிருந்து நாலு மட்டும் வெட்டச் சொன்னார். இது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்றேன்.

“காச்ச மாத்திரையே ரெண்டு நாள்ல கேக்குது தம்பி, இது மட்டும் என்ன, நல்ல நேரம் பாத்துத்தான் கேக்குமா?”

பாடம்

விடுவேனா? உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லுக்கும் தோல் உண்டு அக்கா, அதில் அங்கங்கே கொழுப்பு திரண்டு தெப்பமாக மிதக்கும் என்று ஆரம்பித்தேன். மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் கொண்டுவரும் சேதியை அந்தத் தோலிலுள்ள ஏற்பி வாங்கும். அதை உள்ளே கடத்துகிற புரதம் தெப்பத்தில் மாட்டிக்கொண்டால் சேதி மங்கிப்போகும். மாத்திரை மெள்ள மெள்ள அங்கே சேர்ந்து அந்தப் புரதத்தை விடுவிக்கிறது, தாமதம் அதனால்தான் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அக்கா முழு அட்டையாக வாங்கிக்கொண்டார். முதலாளிக்குத்தான் பொறுக்கவில்லை. இதைப் படிக்கத்தானே என்னைக் காலேஜுக்கு அனுப்பினார்கள்?

“தெப்பம் விட்டது போதும், பின்னாடி இருமிக்கிட்டு நிக்கிறவரப் பாருப்பா.”

திருப்பி எடுங்க

ஒரு வாரத்தில் அக்காவின் கொழுந்தன் மிச்ச மாத்திரையைக் கொண்டுவந்து கவுன்டரில் வீசினார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது எட்டிப் பார்க்காத மனுஷர், மாத்திரையைப் பார்த்ததும் ஓடி வந்திருக்கிறார். உங்கள் அண்ணன் தேறவேண்டாமா என்று கேட்டேன்.

“மென்டல் மாத்திர திங்கிறான்னு தெரிஞ்சா கடலுக்குப் போக எந்தப் போட்டுல ஏத்துவாங்க, நீங்களா கூட்டிட்டுப் போவீங்க?”

உப்பு

அன்று சாயங்காலமே அக்கா வந்து அந்த மிச்ச மாத்திரையை வாங்கிப் போனார். சில வாரம் கழித்து அவர் வீட்டுக்காரரும் கூட வந்தார். முந்தின நாள் மீன் குழம்பில் உப்பு இல்லை என்றாராம். ஊர் திரும்பியபின் சாப்பாட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை. அக்கா அதைச் சொன்ன அடுத்த நொடியே அவர், “அதான் சரியாயிருச்சே, இனி மாத்திரை எதுக்கு?” என்கிறார். டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் பழையபடி சுவரைத்தான் பார்ப்பீர்கள் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அக்கா அவரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“டாக்டரு நிப்பாட்டச் சொல்ற வரைக்கும் முழு அட்டையாவே குடுங்க தம்பி, இவரு தெனம் கொழம்பக் கொறை சொல்லட்டும், எனக்கு அது போதும்.”

வேலை செய்யாத மாத்திரையைக்கூட விற்றுவிடலாம், வேலை செய்த மாத்திரையை விற்பதுதான் பெரும்பாடு.