அண்ணி பார்த்து எடுத்த வெல்டிங் மிஷின்

எங்கள் வீட்டுக்கு ஒரு வெல்டிங் மிஷின் வேண்டும் என்று முதலில் சொன்னவர் அண்ணன். எந்த மிஷின் என்று முடிவு செய்தவர் அண்ணி. நான் இருபத்தைந்து வயதில், இரண்டு பேர் பேச்சுக்கும் தலையாட்டிக்கொண்டு நடுவில் நின்றவன்.

அறுபதுகள் முடிந்து எழுபது பிறந்திருந்த சமயம். திருப்பருத்திக்குன்றத்துக்குச் சற்றுத் தள்ளி எங்களுக்கு ஆறு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. கிணற்றுக்கு மின்சார மோட்டார் வந்து நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. அண்ணனுக்கு இரும்பு வேலையில் தீராத ஆசை. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ், அரம், கையால் சுற்றித் துளை போடும் கருவி என்று சேர்த்து வைத்திருந்தார். அறுப்பார், துளைப்பார், ராவுவார். ஒட்டுவதற்கு மட்டும் வழியில்லை. எது உடைந்தாலும் வண்டி கட்டிக்கொண்டு, வேகவதி ஆற்றைத் தாண்டி, காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பாய் கடைக்குத்தான் போக வேண்டும். அவர் கேஸ் வெல்டிங் வைத்திருந்தார். கைதேர்ந்த வேலைக்காரர். ஆனால் உழவு தொடங்கிவிட்டால் சுற்றுவட்டாரத்துக் கலப்பையெல்லாம் அவர் வாசலில்தான் கிடக்கும். நம் முறை வருவதற்குள் நிலத்தில் ஈரம் காய்ந்துவிடும்.

அண்ணன் மெட்ராஸில் ஒரு தொழிற்சாலைக்குள் போனபோது அங்கே ஒரு பெரிய மிஷினைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு.

"தண்டவாளத்தையே ஒட்டுது. ஒரு நாள் பூரா நிறுத்தாம ஓடுதாம்" என்றார்.

அண்ணி முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நம்ப நிலத்துல தண்டவாளம் எங்க ஓடுது?" என்று கேட்டார்.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. அண்ணி கேலிக்குச் சொல்லவில்லை என்பது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு கோணிப்பையை எடுத்துக்கொண்டு வீடு, கொட்டகை, மாட்டுத் தொழுவம், மோட்டார் கொட்டகை எல்லாம் சுற்றினார். அந்த ஒரு வருஷத்தில் உடைந்த இரும்பு எதையும் விடவில்லை. கலப்பைக் கொழு, சைக்கிள் பாரின் குழாய், வாளிப் பிடி, தகரக் கதவின் கீல், மோட்டார் நிற்கும் ஆங்கிள் சட்டத்தில் ஒரு துண்டு, பழைய பம்பிலிருந்து கழற்றிப் போட்ட விரிசல் விட்ட ‘பெண்டு’ என்ற வளைவுக் குழாய். எல்லாவற்றையும் முற்றத்தில் கொட்டினார்.

"தம்பி, இதுல தடியானது எத்தினி, மெலிசு எத்தினி, பிரிச்சு வையிப்பா."

பிரித்தேன். மெலிந்தவை பதினொன்று, தடித்தவை நான்கு. அண்ணி சற்று நேரம் இரண்டு குவியலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஒடையுதுன்னு தெரிஞ்சாதானே இன்னா மிஷின் வாங்கறதுன்னு தெரியும்? நானும் மெட்ராசுக்கு வரேன்" என்றார்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். வெல்டிங் நெருப்பைக் கண்ணால் பார்த்ததில்லை. இன்றைக்கும் யாராவது ஏதாவது வாங்க யோசனை கேட்டால், அந்த முற்றமும் அந்த இரண்டு குவியலும்தான் என் நினைவுக்கு வருகின்றன. அப்படி யோசிக்க எனக்கோ அண்ணனுக்கோ தோன்றவில்லை.

மூன்று பேரும் காலை பஸ்ஸில் கிளம்பினோம். கண்டக்டர் கோணிப்பையைக் காலால் தள்ளிப் பார்த்தார், நகரவில்லை.

"இன்னாமா, பழைய இரும்புக் கடைக்கா?"

"இல்லபா. கை கால் ஒடிஞ்சவங்க. பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறோம்" என்றார் அண்ணி. பஸ்ஸே சிரித்தது. அண்ணன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெட்ராஸில் கடைக்காரர் அண்ணனை மட்டும் பார்த்துத்தான் பேசினார். பெரிய மிஷின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அண்ணன் அதன் மேல் கை வைத்துத் தடவிய விதத்தைப் பார்த்தால், வாங்கியே ஆகிவிட்டது என்று தோன்றியது. அண்ணி கோணிப்பையின் வாயை அவிழ்த்தார்.

"இதுல இத ஒட்டிக் காட்டுங்க" என்று சைக்கிள் குழாயை நீட்டினார்.

கடைக்காரர் சிரித்தார். "அம்மா, இதெல்லாம் இந்த மிஷினுக்கு ஒரு வேலையா?"

"அதான் எங்க வேலைங்க."

கடைக்குப் பின்புறம் மிஷின்களை ஓட்டிக் காட்டும் தொழிலாளி ஒருவர் இருந்தார். முழங்கை வரை தீப்பொறி பட்ட புள்ளிகள். அவரைக் கூப்பிட்டார்கள். எங்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ராடு என்ற வெல்டிங் குச்சியை வைத்தார். ஒரு நொடிதான். குழாயில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது.

"ஆம்பியரக் குறைப்பா" என்றார் கடைக்காரர்.

"குறைச்சிதாங்க வச்சேன். இதுக்குக் கீழ இந்த மிஷின் எறங்காது" என்றார் தொழிலாளி.

பிறகு அவரே, யாரும் கேட்காமல், மூலையில் இருந்த ஒரு சின்ன மிஷினைக் காட்டினார். முழங்கால் உயரம், எண்ணெய் நிரப்பிய பெட்டி, மேலே ஒரு சுற்றும் கைப்பிடி. அதில் மெல்லிய ராடை வைத்துக் குழாயின் இன்னொரு உடைப்பை ஒட்டினார். ஆறியதும் அண்ணி அதை இரண்டு செங்கல் மேல் குறுக்காக வைத்து, புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றார். குழாய் அசையவில்லை.

அடுத்து ஆங்கிள் துண்டு. சின்ன மிஷின் தடித்த இரும்பையும் ஒட்டியது. ஆனால் ஒரே மூச்சில் அல்ல. ஒரு வரி போட்டு, சுத்தியலால் கசடைத் தட்டிவிட்டு, அதன் மேல் இன்னொரு வரி.

"இது எவ்ளோ நேரம் தாங்கும்?" என்று அண்ணி கேட்டார்.

"கொஞ்ச நேரம் ஓட்டினா கொஞ்ச நேரம் ஆறவிடணும்மா. விடாம ஓட்டினா சூடாயிடும்."

"எங்களுக்கு இன்னா அவசரம்? ஒரு குச்சி எரியறதுக்குள்ள மாடு கத்தும். தண்ணி காட்டிட்டு வந்து அடுத்தத வச்சிக்கலாம். எங்க ஊர் கரன்ட் அவ்ளோ பலம் கிடையாது. அதுக்கு இன்னா சொல்றீங்க?"

"மோட்டார் ஓடற கரன்ட் இருந்தா போதும்."

கடைசியாக அண்ணி விரிசல் விட்ட பெண்டை எடுத்தார். தொழிலாளி அதைக் கையில் வாங்கி, நகத்தால் தட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது வார்ப்பிரும்பு. இந்த மிஷின்ல நான் வச்சிக் குடுத்தா இங்க ஒட்டின மாதிரி இருக்கும், ஊருக்குப் போறதுக்குள்ள பக்கத்துலயே வெடிச்சிடும். இதுக்கு கேஸ்காரர்கிட்டதான் போவணும்."

கடைக்காரர் அவரை முறைத்தார். அண்ணியோ தொழிலாளியைப் பார்த்து, "முடியாதத முடியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கே உங்க கைல வாங்கலாம்" என்றார். சின்ன மிஷினையே சொல்லிவிட்டு வந்தோம்.

திரும்பும்போது அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணி பெண்கள் வரிசையில் தனியாக. ஸ்ரீபெரும்புதூரில் பஸ் நின்றதும் அண்ணன் இறங்கிப் போய் நான்கு கொய்யாப்பழம் வாங்கிவந்து அண்ணி மடியில் போட்டார்.

"நான் தனியா போயிருந்தா அந்தப் பெரிசத்தான் தூக்கிக்கினு வந்திருப்பேன்."

"தெரியும். அதான் நானும் வந்தேன்" என்றார் அண்ணி, பழத்தைக் கடித்துக்கொண்டே.

அடுத்த வாரம் லாரியில் மிஷின் வந்து இறங்கியது. நான்கு பேர் தூக்கிப் பின்கட்டுக் கொட்டகையில் வைத்தோம். இணைப்புக் கொடுக்க வந்த எலக்ட்ரீஷியன் சுவரில் இருந்த ஒற்றை விளக்குக் கம்பியைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"வூட்டு லைன்ல இது ஓடாதுங்க. மோட்டாருக்குப் போற லைன் வேணும்."

மோட்டார் கிணற்றடியில் இருந்தது. கிணறு அரை பர்லாங்கு தள்ளி. எல்லோரும் அண்ணியைப் பார்த்தோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "மோட்டார் கரன்ட்னு அவரு சொன்னாரு. மோட்டார் எங்க இருக்குதுன்னு எனக்குத் தோணாம பூட்ச்சே!" என்றார்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். பெரிய மிஷின் கைக்கு வந்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். இரண்டு நாள் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். அண்ணி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. தன் தவறை மற்றவர் சொல்லும்போது கூடவே சிரிக்கிற மனம் அவருக்கு. மூன்றாம் நாள் அண்ணனே தம் வைஸையும் அரங்களையும் வண்டியில் ஏற்றி, பட்டறை முழுவதையும் கிணற்றடிக்கு மாற்றிவிட்டார்.

வேலை பழக ஒரு மாதம் ஆயிற்று. எங்கள் இருவர் கையிலும் ராடு இரும்போடு ஒட்டிக்கொள்ளும், பிடுங்கினால் வளையும். ஒருமுறை நான் கண்ணாடி பிடிக்காமல் எட்டிப் பார்த்ததில், கண்ணில் மணலை வாரிக் கொட்டியது போல இரண்டு நாள் கிடந்தேன். ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்ட அண்ணி, கண்ணாடி எடுக்காதவனுக்குச் சோறு கிடையாது என்று அன்றே சட்டம் போட்டார். அண்ணன் மெல்ல மெல்லக் கை தேர்ந்தார். பக்கத்துத் தெருவில் தெலுங்கு பேசும் நெசவாளர் ஒருவர், தறியில் துணி சுற்றும் மரத்தின் இரும்புத் தாழ் உடைந்து கொண்டுவந்தார். விரல் கனம்கூட இல்லாத துண்டு. ஓட்டை விழாமல் ஒட்டிக் கொடுத்தபோது, "பாக உந்தி", நன்றாக இருக்கிறது என்று அதைக் கண்ணருகில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார்.

அந்தப் பெருமையில்தான் அண்ணன் சறுக்கினார். நடவுக்கு நாற்று பறிக்க ஆள் சொல்லியிருந்த சமயத்தில், ஓடிக்கொண்டிருந்த பம்பின் பெண்டு விரிசல் விட்டது. அண்ணி கழனியில் இருந்தார். அவர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று அண்ணன் எங்கள் மிஷினிலேயே வெல்டு வைத்தார். பார்க்க அழகாக இருந்தது. ஆறிக்கொண்டிருக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். வெல்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு விரிசல், முன்னதைவிட நீளம்.

அண்ணி வந்து பார்த்தார். "வண்டி கட்டு தம்பி" என்றார் என்னிடம்.

அண்ணன் வர மறுத்தார். சொந்த மிஷின் வாங்கி ஒரு வருஷமாகப் பாய் கடைப்பக்கமே போகவில்லை. இப்போது எந்த முகத்தோடு போவது? "வேலைக்காரர்கிட்ட வேலைய எடுத்துக்கினு போறதுல இன்னா வெட்கம்?" என்று அண்ணி ஏறி உட்கார்ந்ததும், அண்ணனும் பின்னால் ஏறிக்கொண்டார்.

பாய் பெண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணன் வைத்த வரியை விரலால் தடவினார்.

"கை நல்லா வந்திருக்குது. உங்க வேலையில தப்பில்ல. இந்த இரும்புக்குப் பொறுமை ஜாஸ்தி வேணும், அவ்ளோதான்" என்றார் அண்ணனிடம். "வெச்சிட்டுப் போங்கமா. நாளைக்குக் காலைல வாங்க."

பெண்டு முழுவதையும் கரி அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, பித்தளைக் கம்பி உருக்கி விரிசலில் ஊற்றி, உமிச் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டிருந்தார். அண்ணன் மறுநாள் அதைக் கையில் வாங்கியவுடன் கிளம்பிவிடவில்லை. எப்படிச் செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாயும் எதையும் மறைக்காமல் சொன்னார். அண்ணி வண்டியில் உட்கார்ந்தபடி அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.

அன்று பகலே பெண்டை மாட்டி மோட்டாரைப் போட்டோம். ஒரு சொட்டுக் கசியவில்லை. நடவு இரண்டு நாள் தள்ளி நடந்தது. அந்த வருஷம் விளைச்சல் ஒன்றும் குறையவில்லை.